நின்றபடியே ஓடிய இன்ஜின்

காலையில் சாவியைத் திருப்பியதும் அந்தச் சத்தம் வரும். தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது மாதிரி கரகரவென்று, இரண்டு மூச்சு விடுகிற நேரத்துக்கு. பிறகு அடங்கிவிடும். அடங்கியதும் நானும் அதை மறந்துவிடுவேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் மறப்பதற்கு மட்டும்தான் என்னிடம் தெம்பு இருந்தது.

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நான் பம்ப், மோட்டார் பழுது பார்க்கிற ஃபிட்டர். ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வெளியே வந்தால் கண்ணுக்குள் மிளகாய்ப்பொடி விழுந்தது போல எரியும். முதுநகரில் வீடு. போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு, உடனே வண்டியை எடுக்க வேண்டும். என் மனைவிக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் சிதம்பரத்தில் டயாலிசிஸ். பகல் பொழுது இதற்கு வேண்டும் என்றுதான் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி எப்போதும் ராத்திரி ஷிப்டே வாங்கி வைத்திருந்தேன்.

ஏன், கடலூரில் டயாலிசிஸ் இல்லையா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். இருக்கிறதய்யா, ஏன் இல்லாமல். முதலில் அங்கே இடம் கிடைக்கவில்லை, சிதம்பரத்தில் கிடைத்தது. பிறகு கடலூரில் இடம் வந்தபோது இவள் மாற மாட்டேன் என்றுவிட்டாள்.

"கடலூர்ல படுத்துக் கெடந்தா ஊரே வந்து பாக்கும் மாமா. ஆளுக்கு ரெண்டு ஆப்பிள் வாங்கியாந்து, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பாளுங்க. எனக்கு அந்தக் கண்றாவியெல்லாம் வேணாம்."

அவள் என் அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே நான் அவளுக்கு மாமாதான். ஒன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த ஆண்டவனே இறங்கி வந்தாலும் வேண்டாம்தான்.

வண்டி பழைய டீசல் கார். பண்ருட்டிக்காரர் ஒருவரிடம் வாங்கியது. விற்கிறபோது பானெட்டைத் தட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "இது செயின் இன்ஜின் சார். பெல்ட்டா இருந்தா மாத்திக்கிட்டே இருக்கணும். செயின்னா லைஃப் லாங். இன்ஜின் இருக்கற வரைக்கும் செயின் இருக்கும்." அவர் சொன்னதில் பொய்யில்லை. செயின் போனால் கூடவே இன்ஜினும் போய்விடும், ஆக இரண்டும் கடைசிவரை ஒன்றாக இருக்கத்தான் செய்யும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜினுக்குள் கீழே ஒரு தண்டு சுற்றுகிறது, பிஸ்டன் அதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. மேலே இன்னொரு தண்டு, அது வால்வுகளைத் திறந்து மூடுகிறது. இரண்டும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டும் என்பதற்காக நடுவே சைக்கிள் செயின் மாதிரி ஒன்று ஓடுகிறது. அதைத் தளராமல் இழுத்துப் பிடிக்க ஒரு டென்ஷனர் உண்டு. அது ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்யும். செயினின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு மயிரிழை தேய்ந்தால் போதும், மொத்தத்தில் செயின் நீண்டுவிடும். நீண்டால் காலையில் ஆயில் மேலே ஏறும்வரை தொளதொளத்துச் சத்தம் போடும். அதையும் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு நாள் பல்சக்கரத்தில் ஒரு பல் நழுவும். அடுத்த பல்லும் நழுவினால் பிஸ்டன் போய் வால்வில் மோதும். அதோடு கதை முடிந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தொழிலே இதுதானே. தெரிந்தும் காலையில் அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டு பேசாமல் கியரைப் போட்டேன். என்ன செய்ய? வண்டியைப் பட்டறையில் விட்டால் இவளை எதில் கொண்டுபோவது? பஸ், ரயில் நெரிசலை இவள் தாங்க மாட்டாள் என்று நினைத்தேன். போன மழையில் ரோட்டில் தண்ணீர் நின்று ஒரே ஒரு தடவை போக முடியவில்லை. அன்று ராத்திரி அவளால் படுக்க முடியவில்லை. மடியில் தலையணையை வைத்து அதன்மேல் குனிந்தபடி, வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடினாள். நான் கதவருகே நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விசிறினேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். ஒரு நாள் வண்டி நின்றாலும் இவள் மூச்சு நின்றுவிடும்.

சத்தம் நாளாக நாளாக ஜாஸ்தியானது. அவள் பக்கத்துச் சீட்டில் இருந்துகொண்டு கிண்டல் செய்வாள்.

"ஒன் வண்டிக்கும் என்ன மாதிரி ஆயிப்போச்சு மாமா. காலைல எழுந்தா மூட்டெல்லாம் கடகடங்குது."

"வாய மூடிக்கிட்டு வா."

"மூடிக்கிட்டா ஒனக்குத் தூக்கம் வந்துடுமே. அப்புறம் ரெண்டு பேருமா புளியமரத்துல போயி நிப்போம்."

அது நிஜம்தான். ஆலப்பாக்கம் தாண்டினால் எனக்குக் கண் சொருகும். அவள்தான் வாய் ஓயாமல் பேசிப் பேசி என்னைச் சிதம்பரம் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். பக்கத்து வீட்டுச் சண்டை, சீரியல் கதை, பெங்களூரில் இருக்கும் மகள் ஃபோனில் சொன்னது என்று எல்லாவற்றையும் இழுத்து இழுத்துச் சொல்லுவாள். சில நாள் நான் பதில் சொல்லாவிட்டால் தொடையில் கிள்ளுவாள். அவளுக்குத்தான் உடம்பு சரியில்லை என்பது யாருக்காவது அந்த நேரத்தில் தெரிந்திருக்குமா!

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் வழக்கமாக ஒரே பேச்சுதான். "நீ எறங்காத. நான் போய்க்கறேன். வேப்ப மரத்தாண்ட வண்டியப் போட்டு, ஏசியப் போட்டுக்கிட்டுப் படு. ஏசிய அணைக்காத, வெந்துடுவ." முதல் மாதம் அவள் தங்கை கூட வந்து கையெழுத்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு எல்லாம் இவள் ராஜ்ஜியம்தான். கையில் ஒரு பை, தோளில் ஒரு துண்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிவிடுவாள்.

நானும் விட்டால் போதும் என்று சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவேன். இன்ஜின் ஓடும், ஏசி ஓடும், நான் செத்தவன் மாதிரி தூங்குவேன். நான்கு மணி நேரம் கழித்து ஃபோன் அடிக்கும். "வா மாமா, முடிஞ்சிது." வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். முகம் வெளுத்திருக்கும். எப்படி இருந்தது என்று கேட்டால், "என்ன இருக்கு? அங்க போயித் தூங்கறதுதான். ஒனக்கு வண்டில தூக்கம், எனக்குக் கட்டில்ல தூக்கம்" என்பாள். அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

ஒரு நாள் திரும்பி வருகையில் புதுச்சத்திரம் தாண்டி வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் மிதித்த இடத்திலேயே திணறியது. மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. சத்தம் இப்போது காலையில் மட்டும் இல்லை, விடாமல் வந்தது. லாரிகள் ஹாரனை அடித்துக்கொண்டு கடந்து போயின. அவள் அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை. மூன்றாவது கியரிலேயே உருட்டி உருட்டி முதுநகர் பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மெக்கானிக் எனக்குப் பல வருஷப் பழக்கம். மறுநாள் முன்பக்க மூடியைக் கழற்றிவிட்டு ஃபோன் செய்தான். போனேன். இவளும் கூடவே வருகிறேன் என்று வந்துவிட்டாள். கழற்றிய செயினை அவன் விரலில் மாட்டிக் காட்டினான். பக்கவாட்டில் பிடித்தால் நேராக நிற்க வேண்டியது, நனைந்த கயிறு போலத் துவண்டது.

"டென்ஷனர் முழுசா வெளிய வந்து நிக்குதுண்ணே. இதுக்கு மேல தள்ள எடமே இல்ல. செயினத் தாங்கற கைடு ஒடைஞ்சு துண்டு துண்டா அடியில ஆயில் சம்ப்ல கெடக்குது. ஒரு பல்லு நழுவியும் போச்சு. இன்னொரு பல்லு போயிருந்தா இன்ஜின எடைக்குத்தான் போடணும். நல்ல நேரம்ணே ஒங்களுக்கு."

"கிலோமீட்டர் ஒண்ணும் ஜாஸ்தி ஓடலியேடா. ஆயிலும் கணக்காத்தான மாத்தறேன்."

"அதான் எனக்கும் புரியல. ஆயிலப் பாத்தா தார் மாதிரி இருக்கு. வாடகைக்கு உட்டீங்களா?"

"வாடகையாவது மண்ணாங்கட்டியாவது. ஆஸ்பத்திரி போவேன், வருவேன்."

"அங்க போயி வண்டிய நிறுத்திடுவீங்கல்ல?"

நான் இவளைத் திரும்பிப் பார்த்தேன். அவனுக்கே புரிந்துவிட்டது. "ஏசியப் போட்டுட்டு ஓட உடுவீங்களா? நாலு மணி நேரமுமா? அடப் போங்கண்ணே! மீட்டர்ல ஓடுனத விட நின்னுக்கிட்டு ஓடுனது ஜாஸ்தி. டீசல் வண்டி சும்மா நின்னு ஓடுனா ஆயில் பூரா கரியாப் போயிடும். கரி போயி செயின அரைக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் மேல்தான். கம்பெனியில் பம்ப் எங்கேயும் போவதில்லை, நின்ற இடத்திலேயே நின்று ஓடுகிறது. அதனால் ஓடின மணியைக் கணக்கு வைத்து ஆயில் மாற்றுவோம். மணிக்கணக்கைப் பார்க்காமல் ஒரு காண்ட்ராக்ட் ஆள் விட்டுவிட்டால் அவனை நான் வாங்குவாங்கென்று வாங்குவேன். அந்த நான் வீட்டு வண்டிக்கு மட்டும் கிலோமீட்டரைப் பார்த்துக்கொண்டு இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி என்றாலே ரோடுதான் நினைவு வருகிறது, என்ன செய்ய.

"நான்தான் ஏசிய அணைக்காதன்னு சொன்னேன்" என்றாள் இவள், மெதுவாக, மெக்கானிக்கைப் பார்த்து. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏசிக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சரி விடு, போனது போகட்டும் என்று அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

புதுச் செயின் செட் புதுச்சேரியிலிருந்து வர வேண்டும். அதற்குள் மறுநாள் டயாலிசிஸ் நாள். வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"நாளைக்கு ஒரு நாளு லீவு உட்டுடலாம் மாமா. ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது. தண்ணியக் கொறச்சுக் குடிச்சுக்கறேன்."

"போன மழையில பட்டது பத்தாதா?"

"அதுக்கில்ல. நீயும் ஒரு நாளு வீட்ல படுத்துத் தூங்குவ. கண்ணப் பாரு, கோவப்பழமாட்டம். வாரத்துக்கு ரெண்டு தடவ போதும்னு கூட டாக்டர்கிட்ட கேக்கலாம்னு இருக்கேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எவன்டி சொன்னான் ரெண்டு போதும்னு? நீ டாக்டரா? செத்துத் தொலையணும்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கத்தினேன். அவள் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே, "ரயிலு எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை முதுநகரிலிருந்து பாசஞ்சரில் போனோம். சன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் எதிரில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் யாரோ கூடை மீன் ஏற்றியபோது விழித்தால், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்றேன். "ஒண்ணுமில்ல. வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்கற, அசிங்கமா" என்றாள்.

சிதம்பரம் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. ஆஸ்பத்திரி வாசலில் நானும் இறங்கினேன். வண்டி இல்லையே, எங்கே போவேன்?

"நீ உள்ள வராத" என்றாள்.

"பின்ன எங்க போறது?"

"கோயிலுக்குப் போ. மண்டபத்துல காத்தாட ஒக்காரு. முடிஞ்சதும் ஃபோன் பண்றேன்." பையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு படியேறிவிட்டாள்.

போனேன். நடந்தே சன்னதி வரைக்கும் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கோயிலில் கூட்டம், அன்றைக்கு என்ன விசேஷமோ, உட்கார்ந்து தூணில் தலையைச் சாய்த்தால் யாராவது காலை மிதித்தார்கள். அங்கிருந்து ஒரு டீக்கடை. டீக்கடையில் எவ்வளவு நேரம் உட்கார்வது? கடைசியில் அலுத்துப் போய், வராண்டாவிலாவது படுக்கலாம் என்று ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தேன். டயாலிசிஸ் மாடியில். படியேறும்போதே ஒரு பெண் கத்துகிற சத்தம் கேட்டது. அம்மா, அம்மா என்று அடிவயிற்றிலிருந்து. பாவம், யாருக்கோ முடியவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தக் குரல் தெரிந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கட்டிலில் இவள் ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தாள். ஒரு கையில் ரத்தக் குழாய்கள், அதை அசைக்க முடியாது. இன்னொரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். தோளில் போட்டு வருகிற துண்டை வாயில் கடித்திருந்தாள். இடது காலின் கெண்டைச்சதை கல்லாக இறுகி ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நர்ஸ் ஒருத்தி அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் மெஷின் கூவியது, அதையும் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசரம் அவளுக்கு.

என்னை நிமிர்ந்து பார்த்ததும் நர்ஸ் சொன்னாள்: "டிரைவரண்ணே, நீங்க உள்ள வரக்கூடாது. வெளிய இருங்க."

நான் அப்படியே நின்றுவிட்டேன். "யாரு டிரைவர்?"

"நீங்கதான. கார்ல கூட்டிக்கிட்டு வருவீங்களே, கீழ தூங்கிக்கிட்டு இருப்பீங்களே." அவள் கை மட்டும் இவள் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "அவங்க வீட்டுக்காரருக்காவது ஃபோன் போட்டுச் சொல்லுங்கண்ணே. ஒடம்புலேர்ந்து தண்ணி எடுக்க எடுக்க இப்படித்தான், கடைசி ஒரு மணி நேரம் ஒவ்வொரு தடவையும் துடிக்கறாங்க. கூட ஒரு ஆளு இருந்தா காலாவது புடிச்சு உடலாம். கேட்டா வெளிநாட்டுல இருக்காரு, வர முடியாதுங்கறாங்க."

ஒவ்வொரு தடவையும். நான் கீழே ஏசியில் படுத்திருந்த ஒவ்வொரு தடவையும். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, பொய் சொல்லவில்லை. ஓங்கி ஒரு அறை விடலாமா என்றுகூட இருந்தது. வாயில் துண்டோடு அவள் என்னைப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட திருடி மாதிரி ஒரு பார்வை. அதற்குள் இன்னொரு காலும் பிடித்துக்கொண்டது போல, முகம் அப்படியே கோணியது. துண்டு வாயிலிருந்து விழுந்தது.

"மாமா" என்றாள். "கால்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். தள்ளி நின்று இடம் விட்டாள்.

இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்தேன். துருவேறிய நட்டைக் கழற்றிக் கழற்றிக் காய்த்துப்போன கை, அழுத்தினால் வலிக்குமோ என்று பயந்து அழுத்தினேன். பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடித்து, கட்டை விரலால் சதையை நீவினேன். இளகும், இளகியது என்று விட்டால் மறுபடி இறுகும். அவள் கத்தவில்லை இப்போது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை மட்டும் விட்டாள். கொஞ்சம் அடங்கியதும், "நீ தூங்கணும்ல" என்றாள். "உள்ள வந்தா நீ எங்க தூங்குவ? ராத்திரி பூரா முழிச்சிட்டு வந்து."

"பேசாத."

"டிரைவர்னு சொன்னதுக்குக் கோவமா?"

"பேசாதன்னு சொல்றன்ல."

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கட்டிலின் கால்மாட்டில் போட்டாள். உட்கார்ந்தேன். மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது, இன்னும் அரை மணி நேரம் பாக்கி என்றார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் தூங்கிவிடுகிறவன் நான். காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன், தூக்கம் வரவில்லை.